நீர்த்தெள்ளுத் தொட்டியும் அழையா விருந்தாளிகளும்

கோப்பாயில் ஆறு கிடையாது. செம்மண்ணுக்கு அடியிலுள்ள சுண்ணக்கற் பாறையில் ஊறித் தங்கும் மழைநீரைக் கிணறுகளே தருகின்றன. வெங்காயமும் புகையிலையும் அந்நீரில் விளைகின்றன. முற்றத்தில் அலங்கார மீன் வளர்ப்போர்க்கும் அந்நீரே துணை.

சண்டை மீனின் குஞ்சு பொரித்து இரண்டு மூன்று நாள்களில் அதன் கருவூண் தீர்ந்துவிடும். அதன்பின் அது அசையும் இரையையே நாடும். தூள் உணவைப் பெரும்பாலும் தீண்டாது. முதலில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும், சற்று வளர்ந்தபின் நீர்த்தெள்ளும் வேண்டும். ஆதலின் நீர்த்தெள்ளுத் தொட்டி கெட்டால், சில நாள்களில் குஞ்சுகளும் பட்டினியால் மடியும்.

நீர்த்தெள்ளு பூச்சியன்று, இறாலுக்கு உறவான சிற்றுயிர். தெள்ளைப்போல் துள்ளுவதால் இப்பெயர் பெற்றது. ஒல்லாந்து அறிஞர் ஸ்வாமர்டாம் 1669ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்துள்ளார். வெப்ப நாடுகளின் தொட்டிகளுக்கு ஏற்றது மொய்னா என்னும் சிறு வகை. ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் நீளமுடைய இது, ஆணின் துணையின்றியே குட்டிகளை ஈனும். அக்குட்டிகளும் நான்கைந்து நாள்களில் தாயாகிவிடும்.

குளத்தில் வலையிட்டு அள்ளிய நீரை அப்படியே தொட்டியில் ஊற்றுவதுதான் பெரும்பாலான கேட்டுக்கு வாயில். அந்நீரோடு சைக்கிளொப்ஸ் வரும். தும்பியின் குடம்பி வரும். எல்லாவற்றினும் கொடிதான ஐதராவும் வரும். தொட்டிச் சுவரில் ஒட்டி நூல் போன்ற கரங்களை நீட்டிக் காத்திருக்கும் ஐதரா, நீர்த்தெள்ளைக் கொட்டி விழுங்கும். மீன்தொட்டிக்குள் புகுந்தால் சிறு குஞ்சுகளையும் விடாது. அதனை விரலால் நசுக்குவோர் உண்டு. அது வீண் வேலை. துண்டான ஐதராவின் ஒவ்வொரு பகுதியும் முழு உயிராக வளர்வதை 1744இல் வெளிவந்த தம் நூலில் திறெம்பிளே என்பவர் காட்டினார். செப்புச் சேர்ந்த மருந்தை இட்டால் ஐதரா சாகும். நீர்த்தெள்ளும் உடன் சாகும்.

நுளம்புக் குடம்பியும் மீனுக்கு இரைதானே என்று விட்டுவைப்போரும் உளர். டெங்கு கண்ட யாழ்ப்பாணத்தில் இது பொறுக்கத்தக்கதன்று. தொட்டியை நெருங்கிய வலைத்துணியால் மூடுதல் வேண்டும்.

வெளியிலிருந்து வாராத கேடும் ஒன்றுண்டு. ஈஸ்ட்டை அளவுக்கு மிஞ்சி இட்டால் நீர் பாலாகக் கலங்கி நாறும். அப்போது நீர்த்தெள்ளு சிவப்பதைக் கண்டு, அது கொழுத்துவிட்டது எனப் பலர் மகிழ்வர். உண்மையில் நீரில் ஒட்சிசன் குறைந்ததன் அடையாளம் அது. நீர் தெளியும்வரை உணவை நிறுத்துவதே மருந்து.

ஒரே இரவில் தொட்டி முழுவதும் செத்துக் கிடந்தால், கிணற்றையும் காற்றையும் ஐயுற வேண்டும். மழைக்குப்பின் கிணற்றுக்கு இட்ட குளோரின் காரணமாகலாம். அன்றேல், அயல் தோட்டத்தில் தெளித்த கிருமிநாசினி காற்றில் வந்திருக்கலாம். தெளிகருவியைக் கிணற்றடியில் கழுவியிருக்கலாம். சில கிருமிநாசினிகள் ஓர் இலீற்றர் நீரில் ஒரு மைக்கிரோகிராம் இருந்தாலே நீர்த்தெள்ளைக் கொல்லும். ஆய்வுகூடங்களில் நீரின் நச்சை அறிய, நீர்த்தெள்ளுகளை அதில் 48 மணி நேரம் விட்டுப் பார்ப்பது வழக்கம். அதையே வீட்டிலும் செய்யலாம். புது நீரைத் தொட்டிக்கு வார்க்குமுன் ஒரு குவளையில் எடுத்து, பத்து நீர்த்தெள்ளுகளை இரண்டு நாள் விட்டுப் பார்த்தல் நன்று. அவை துவண்டு விழுந்தால் அந்நீர் தொட்டிக்கு ஆகாது. அதே கிணற்றிலிருந்து குடிப்போரும் நீரைப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும்.

ஐதரா புகுந்த தொட்டியைத் திருத்த முயல்வதினும் புதிதாகத் தொடங்குவதே மேல். தாய் ஒன்றே ஒரு தொட்டியை நிரப்பும் என்பது இங்கே கைகொடுக்கும். முதுகுப் பையில் முட்டை தெரியும் பெண்களுள் நான்கைந்தைத் துளிகுழாயால் எடுத்து, நல்ல நீருள்ள மூன்று கிண்ணங்களில் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, கறுப்புத் துணியின்மேல் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கி, ஒவ்வொன்றையும் தனிப் போத்தலில் விடல் வேண்டும். ஒரு கிழமை சென்றபின் ஐதரா தோன்றாத போத்தல்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பழைய தொட்டியைத் தேய்த்துக் கொதிநீர் ஊற்றி, சில நாள் வெயிலில் காயவிடுதல் வேண்டும். வலையையும் வாளியையும் மறத்தலாகாது. வளர்ந்த கூட்டத்தை இரு தொட்டிகளாகப் பிரித்து, ஒன்றில் இட்ட வலையை மற்றதில் இடாமல் வைத்திருப்பவருக்கு, ஒன்று கெட்ட நாளிலும் குஞ்சுகளுக்கு இரை இருக்கும்.