வடமதுரை அருங்காட்சியகமும் அதன் நிரந்தரச் செல்வமும்



வட்டார அருங்காட்சியகம் ஒன்றைக் காணச் செல்வோர் பெரும்பாலும் முழுமையான, எழில் மிகுந்த சிலைகளையே தேடுகின்றனர். அதில் தவறில்லை. ஆயினும், அழகு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் அதன் தொகுப்பில் பெரும்பகுதி நம் கண்ணுக்குப் படாமலே போய்விடும். வடமதுரை என நாம் வழங்கும் உத்தரப் பிரதேச மதுராவின் அரசு அருங்காட்சியகத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த கிரௌஸ் 1874-ஆம் ஆண்டில் இந்நிலையத்தைத் தோற்றுவித்தார். அதற்கு முன்பே மதுராவின் கலைச்செல்வங்கள் வெளியூர் செல்லத் தொடங்கிவிட்டன. 1869-இல் கிடைத்த சிங்கத் தூண்தலைப்பு இன்று லண்டனில் இருக்கிறது. நிலையம் தோன்றிய பின்னரும் இது நிற்கவில்லை. 1888 முதல் 1891 வரை கங்காளி மேட்டில் அகழ்ந்தெடுத்த சமணச் சிற்பங்களில் மிகுதியானவை லக்னோவுக்குச் சென்றன. அங்கே அவை நன்கு பேணப்படுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மேடு ஓரிடம், அதன் சிற்பங்கள் வேறிடம் என்றாகிவிட்டது.

மதுராவிலேயே தங்கியவற்றுள் புகழ்பெற்றது, மாட் என்னும் ஊரில் 1911-12-இல் பண்டித ராதாகிருஷ்ணா தோண்டியெடுத்த கனிஷ்கர் சிலை. நீண்ட அங்கி, கனத்த காலணிகள், ஒரு கையில் கதை, மறு கையில் வாட்பிடி. தலை மட்டும் இல்லை. தலையுள்ள சிலைகள் பலவற்றுக்குப் பெயர் தெரியவில்லை. தலையற்ற இவ்வரசருக்கோ பெயர் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது!

இதனினும் எளிய பொருள் ஒன்று உண்டு. மதுராவின் கோவிந்த நகர்ப் பகுதியில் 1977-இல் ஒரு பீடம் கிடைத்தது. அதன்மேல் எஞ்சியிருப்பவை இரு பாதங்களே. காண்போர் கடந்து சென்றுவிடக்கூடிய கல்தான். ஆனால், ஹுவிஷ்கரின் ஆட்சியில், ஆண்டு 26-இல், ஒரு வணிகக் குடும்பத்தார் அமிதாப புத்தரின் உருவத்தை நிறுவினர் என்று அதன் எழுத்துகள் கூறுகின்றன. சீனத்திலும் ஜப்பானிலும் கோடிக்கணக்கானோர் போற்றும் அப்பெயரைத் தாங்கிய மிகப் பழைய இந்தியக் கல்வெட்டு இதுவே. எவரேனும் இக்கல்லை அடித்தளத்தில் இட்டு மூடியிருந்தால் இச்செய்தி மண்ணோடு போயிருக்கும்.

அதே கோவிந்த நகரில் 1976-இல் கிடைத்த புத்தர் சிலை, குப்த ஆண்டு 115-இல், அதாவது கி.பி. 434 அளவில், தின்னன் என்னும் சிற்பியால் செய்யப்பட்டது. மதுராவின் தின்னன் என்ற பெயர் குசிநகரின் பரிநிர்வாணச் சிலையிலும் காணப்படுகிறது. கிடைத்த இடத்தைக் குறித்து வைத்ததால்தான் இத்தகைய தொடர்புகள் புலப்படுகின்றன. இடம் தெரியாத சிலை அழகாக இருக்கலாம்; சான்றாக நின்று பேசுவதில்லை.

எனவே காட்சிக்கூடத்தின் விளக்குகளுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையேனும் பதிவேடுகளுக்கும் இருப்பு அறைக்கும் செலவிட வேண்டும். உடைந்த துண்டுக்கும் எண், ஊர், நாள் ஆகியவை குறிக்கப்படுதல் வேண்டும். மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் விதிக்கிறது. மதுரா போன்ற தொன்னகரங்களில் மனை உரிமம் வழங்கும்போதே, இதனை ஒப்பந்தக்காரருக்கும் மேஸ்திரிக்கும் அவர்கள் மொழியிலேயே எழுத்து மூலம் அறிவித்துவிடலாம். அதற்குப் புதுச் சட்டமோ பெருநிதியோ தேவையில்லை.