நூல் காட்டும் வான்வழி
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வருகிறேன். ஊர்ப் பெயரில் பருத்தி இருந்தாலும் எங்கள் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைப்பது பட்டு நூல்தான். அந்த நூலைக் கொண்டு நடத்தும் ஒரு பாடத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து எங்கும் இறங்காமல் பெங்களூரு வந்தது. விமானிகள் அனைவரும் பெண்கள். வட துருவப் பகுதி வழியாக வந்தார்கள். இதைச் சொன்னதும் வகுப்பில் கேள்வி வரும்: "பெங்களூருக்கு வர எதுக்கு டீச்சர் வட துருவம்? அது சுத்து வழி இல்லையா?"

சுவர் வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அது நியாயமான கேள்வி. அளவுகோலால் இரண்டு ஊரையும் இணைத்தால் கோடு அட்லாண்டிக், ஆப்பிரிக்கா வழியாகப் போகும். மெர்கேட்டர் வரைபடத்தின் அந்தக் கோட்டிலேயே பறந்தால் ஏறத்தாழ 20,000 கி.மீ. ஆகும். பூமியின் சுற்றளவில் அது பாதி!

இப்போது உலக உருண்டையை எடுங்கள். இரண்டு ஊர்களிலும் நூலின் முனைகளைப் பிடித்து, தொய்வில்லாமல் இழுங்கள். நூல் தானாகவே வடக்கே நகர்ந்து அலாஸ்கா, சைபீரியா வழியாக நிற்கும். அதுதான் மிகக் குறுகிய வழி.

அடுத்து அளவு. உருண்டையின் நடுக்கோட்டை நூலால் சுற்றி அளந்தால் 94 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அது 40,000 கி.மீ.க்குச் சமம், ஆகவே 1 செ.மீ.க்குச் சுமார் 425 கி.மீ. நம் நூல் 33 செ.மீ. வரும். பெருக்கினால் 14,025 கி.மீ. உண்மைத் தொலைவும் ஏறத்தாழ 14,000 கி.மீ.தான்.

சரியாகத் துருவத்தின் மேலேயே பறந்தால்? பெங்களூரு 13° வடக்கு, துருவத்துக்கு 77°. சான் பிரான்சிஸ்கோ 38° வடக்கு, துருவத்துக்கு 52°. கூட்டினால் 129°. ஒரு பாகைக்கு 111 கி.மீ. வீதம் 14,319 கி.மீ. சுமார் 300 கி.மீ. மட்டுமே அதிகம். சுற்று வழி என்ற சந்தேகம் அங்கே தீர்கிறது.

குறைந்த தூரம் எப்போதும் குறைந்த நேரம் ஆகாது என்பதையும் சொல்லுங்கள். 2016 அக்டோபரில் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் பசிபிக் வழியாகச் சென்றது. முந்தைய அட்லாண்டிக் வழியைவிட ஆயிரம் கி.மீ.க்கு மேல் நீளம். ஆனால் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேல்காற்று பின்னிருந்து தள்ளியதால் விரைவாகவே போய்ச் சேர்ந்தது.

பூமி உருண்டை என்று எழுதி மதிப்பெண் வாங்கும் பிள்ளை, தூரம் கேட்டால் தட்டை வரைபடத்தையே நம்புகிறது. படித்தது ஒன்று, நம்புவது வேறொன்று. இந்த இடைவெளியைப் பிள்ளையின் கையும் ஒரு நூலும் மூடிவிடும். விமானத்தில் ஏறாத பிள்ளையும் அதன் வழியைக் கணக்கிடலாம். நாளை அதை ஓட்டவும் செய்யலாம் என்று பெண் பிள்ளைகளுக்குத் தோன்றட்டும்.

அலமாரியில் பூட்டியிருக்கும் உலக உருண்டையை நாளைக்கே வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் பிள்ளைகள் அளந்த இரண்டு ஊர்களைச் சொல்லுங்கள்.