வரமென்று போய் வம்பை வாங்காதீர்கள்!

(பட்டிமன்றத் தலைப்பு: அழகு சிகிச்சை - வரமா? வம்பா? இடம்: காரைக்குடி. 'வம்பே!' அணியின் இரண்டாவது பேச்சு)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே புன்னகை மாறாமல் அமர்ந்திருக்கிற நண்பர்களே! நாங்க என்ன சொன்னாலும் அந்த முகத்திலே ஒரு சுருக்கம்கூட விழலையே, ஊசி போட்டுக்கிட்டுத்தான் மேடை ஏறினாங்களோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. (சிரிப்பு) 

நடுவர் அவர்களே! கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-ல் கம்பன் விழாவைத் தொடங்கிய ஊர் இது. இந்த மண்ணிலே நின்னுக்கிட்டுக் கம்பனைத் தொடாமல் பேசினா நீங்களே விடமாட்டீங்க. கம்ப ராமாயணத்திலே அழகு சிகிச்சை செஞ்சுக்கிட்டவங்க யாரு? சூர்ப்பணகை! டாக்டர் இல்லை, ஊசி இல்லை, பில்லும் இல்லை. ஒரு மந்திரம் சொன்னாள், பேரழகி ஆயிட்டாள். ஆனால் ஒண்ணே ஒண்ணு செய்ய மறந்துட்டா. விசாரிக்கலை! யாரைப் பார்க்கப் போறோம், அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, பக்கத்திலே காவலுக்கு நிற்கிற தம்பி எப்பேர்ப்பட்டவர், எதையும் கேட்கலை. புது முகத்தோடு போனவள், பழைய மூக்கையும் இழந்துட்டு வந்தாள்! (கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் சுசுருதரைச் சொன்னார். அறுந்த மூக்கைக் கன்னத்துத் தோலால் ஒட்டவைத்த மகான் என்றார். உண்மை. நான் இன்னொன்றும் சேர்த்துச் சொல்றேன். மைசூர்ப் போரிலே ஆங்கிலேயர் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர், திப்பு சுல்தான் ஆட்களிடம் சிக்கி மூக்கை இழந்தார். புனே பக்கத்திலே நம்ம நாட்டு வைத்தியர் ஒருத்தர், நெற்றித் தோலை எடுத்து அவருக்கு மூக்கு செய்து கொடுத்தார். அந்தச் செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகையிலே படத்தோடு வந்தது. அதைப் படிச்சுத்தான் வெள்ளைக்கார டாக்டர்கள் அந்த வித்தையைக் கத்துக்கிட்டாங்க.

நம்ம வேலூருக்கு வாங்க. டாக்டர் பால் பிராண்ட் என்று ஒருவர், தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கையை நிமிர்த்தினார். கை சரியாயிடுச்சு, ஆனால் வேலை கிடைக்கலை. ஏன்? மூக்கு அமுங்கி, புருவம் உதிர்ந்த முகத்தைப் பார்த்ததும் ஜனங்க ஒதுங்கினாங்க. அதனால் அங்கே மூக்கும் செய்து கொடுத்தாங்க, தலைமுடியை எடுத்துப் புருவமும் வைத்துக் கொடுத்தாங்க. தீக்காயம் பட்ட பெண்ணுக்கு, உதடு பிளந்து பிறந்த குழந்தைக்கு, இந்த மருத்துவம் தெய்வம். அந்தத் தெய்வத்துக்கு எதிராகப் பேச நான் வரலை.

நான் கேட்கிறது வேற கேள்வி. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனால், ஏற்கெனவே இருக்கிற ஆபத்தைப் போக்க இன்னொரு ஆபத்தை ஏத்துக்கிறார். நல்லா இருக்கிறவர் அழகுக்காகப் போனால்? அவருக்கு அதுவரை ஆபத்தே இல்லையே! காசு கொடுத்துப் புதுசா வாங்கப் போறார். அப்படின்னா யார் அதிகமா விசாரிக்கணும்? இவர்தானே? ஆனால் இவர்தான் குறைவா விசாரிக்கிறார். வம்பு அங்கேதான் பிறக்குது, நடுவர் அவர்களே!

நம்ம ஊர்லே கண்டாங்கிச் சேலை எடுக்கப் போனா என்ன செய்றோம்? முந்தானையை விரிக்கச் சொல்றோம், நூலைத் தடவிப் பார்க்கிறோம், சாயம் போகுமான்னு கேட்கிறோம், 4 கடை ஏறி இறங்குறோம். பிடிக்கலைன்னா மறுநாள் மாத்திக்கலாம்னு பேசிட்டுத்தான் வர்றோம். முகத்தை மாத்திட்டு, மறுநாள் போய் "பழசையே கொடுத்துடுங்க"ன்னு கேட்க முடியுமா? (சிரிப்பு, கைதட்டல்)

முகச் சுருக்கத்துக்குப் போடுறாங்களே போடாக்ஸ் ஊசி, அது என்ன? ஒரு கிருமி உண்டாக்குகிற நஞ்சு. 1800-களின் தொடக்கத்திலே ஜெர்மனியில் கெட்டுப்போன இறைச்சிக் குழலைச் சாப்பிட்டவர்கள் கை கால் விழுந்து, மூச்சு நின்னு செத்தாங்க. அதை ஆராய்ந்து எழுதினவர் கெர்னர் என்ற டாக்டர். அதே நஞ்சை மிக மிகக் குறைந்த அளவிலே எடுத்து, மாறுகண்ணைச் சரிசெய்யலாம்னு பிறகு கண்டுபிடிச்சாங்க. அமெரிக்காவிலே 1989-ல் கண் நோய்க்கு அனுமதி, 2002-ல் புருவ நடுவிலே விழுகிற கோட்டுக்கு அனுமதி. நரம்பு சொல்ற சேதி தசைக்குப் போகாமல் தடுக்குது, சுருக்கம் தளருது. எத்தனை நாளைக்கு? 3 அல்லது 4 மாசம். அப்புறம் மறுபடி ஊசி, மறுபடி பில். இடம் கொஞ்சம் தவறினால் இமை தொங்கிப்போகும், சரியாகச் சில வாரம் ஆகும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மார்களும் இதைத் தவிர்க்கணும். தசை பலவீன நோய் உள்ளவங்க கட்டாயம் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிடணும்.

அடுத்தது ஃபில்லர். குழி விழுந்த கன்னத்தையும் மெலிஞ்ச உதட்டையும் நிரப்புற ஜெல். அது தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகும். கண்ணுக்குப் போகிற குழாயை அடைச்சால் பார்வையே போகும். அபூர்வமாகத்தான் நடக்கும். நடந்தால் கண்ணல்லவா! ஊசி போட்டதும் கடுமையான வலி, தோல் வெளுத்துப்போவது, பார்வை மங்குவது, இதில் ஒண்ணு தெரிஞ்சாலும் "நாளைக்குப் பார்ப்போம்"னு இருக்கக் கூடாது. அந்த நிமிஷமே சொல்லணும். ஹயலூரானிக் அமில ஜெல்லாக இருந்தால் அதைக் கரைக்க மாற்று மருந்து இருக்கு. போட்டுக்கிறதுக்கு முன்னாடியே "அந்த மாற்று மருந்து உங்ககிட்டே இருக்கா?"ன்னு கேளுங்க. இல்லைன்னு சொன்னால், செருப்பைப் போட்டுக்கிட்டு வெளியே வந்துடுங்க. (கைதட்டல்)

அப்புறம் ஒரு ஊசி, கல்யாண சீசன்லே ரொம்பப் பேசப்படுது. குளூட்டாதயோன்! கறுத்த பிள்ளையைச் சிவக்க வைக்குமாம். இப்படி ஊசியா ஏத்திக்கிறதைப் பற்றி பிலிப்பைன்ஸ் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-லேயே மக்களை எச்சரிச்சது. தாய்மார்களே, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி"ன்னு சொன்னதுக்காக, பெத்த பிள்ளையின் ரத்தக் குழாயிலே எதையோ ஏத்தப் போறோமா? நிறத்தைக் குறை சொன்ன வீடு, நாளைக்கு நகையைக் குறை சொல்லும், அடுத்த நாள் குழம்பைக் குறை சொல்லும். அதுக்கெல்லாம் எங்கே போய் ஊசி போடுவீங்க? (பலத்த கைதட்டல்)

எதிரணி நண்பர்கள் "இதெல்லாம் சின்ன சிகிச்சை, மதியம் போயிட்டுச் சாயங்காலம் வந்துடலாம்" என்றார்கள். 2016-ல் சென்னையிலே தலைமுடி நட்டுக்கப் போனார் ஓர் இளைஞர். படிக்காதவரா? சென்னை மருத்துவக் கல்லூரியிலே டாக்டருக்குப் படிச்ச பிள்ளை! உடம்பு மோசமாகி 2 நாளிலே இறந்துபோனார். அந்த இடம் அழகு நிலையத்துக்குத்தான் அனுமதி வாங்கியிருந்ததுன்னு அப்போது செய்தி வந்தது. 2022 மே மாதம் பெங்களூரிலே 21 வயசு டி.வி. நடிகை, கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போனவர் வீடு திரும்பலை. பெத்தவங்களுக்குச் சொல்லாமல் போனதாகச் செய்தி. ஒரு முடிக்காகவும் ஒரு சுற்று இடுப்புக்காகவும் ரெண்டு வீட்டு விளக்கு அணைஞ்சு போச்சு, நடுவர் அவர்களே!

அதனால் போகவே கூடாதா? போகணும்னு முடிவு பண்ணினால், 5 கேள்வியை மடியிலே முடிஞ்சுக்கிட்டுப் போங்க.

முதல் கேள்வி: செய்யப் போறது யாரு? பிளாஸ்டிக் சர்ஜரியிலே எம்.சி.எச். படிச்சவரா, தோல் மருத்துவத்திலே எம்.டி. படிச்சவரா? சுவரிலே மாட்டின எல்லாச் சான்றிதழும் டாக்டர் பட்டம் ஆகாது. மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்க. கேட்டால் கோபப்படுகிறவர் உங்க டாக்டர் இல்லை.

ரெண்டாவது: எந்த இடம்? தமிழ்நாட்டிலே 1997-ஆம் வருஷச் சட்டப்படி மருத்துவமனையும் கிளினிக்கும் பதிவு செய்யணும். அந்தச் சான்றிதழ் இருக்கா? மயக்க மருந்து கொடுத்தால் மயக்க டாக்டர் கடைசி வரை கூடவே இருப்பாரா? அவசரம்னா எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவீங்க?

மூணாவது: ஊசி மருந்தின் பேர் என்ன? என் கண் முன்னாலே புட்டியைத் திறங்க. பேரையும் பேட்ச் எண்ணையும் எழுதிக் கொடுங்க. பில்லும் கொடுங்க. காசு கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும்னு 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. பில் இல்லைன்னா வழக்கு நடத்துறது கஷ்டம்.

நாலாவது: என் உடம்புக்கு ஆகுமா? சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுற மாத்திரை, சிகரெட், காயம் பட்டால் தழும்பு தடிச்சு வளருகிற உடம்பு, எதையும் மறைக்காதீங்க. சம்பந்தம் பேசும்போது மறைக்கிற மாதிரி டாக்டர்கிட்டேயும் மறைச்சால் எப்படி? (சிரிப்பு)

அஞ்சாவது: கெட்டுப்போனால் என்ன ஆகும், யார் சரிசெய்வாங்க, அதுக்கு யார் செலவு? இதைக் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கிலே தீர்ப்பு சொல்லியிருக்கு. பரிசோதனைக்குன்னு சம்மதம் கொடுத்த பெண்ணுக்கு, மயக்கத்திலே இருக்கும்போது அம்மாவிடம் கேட்டுட்டுக் கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அது செல்லாது, ஒண்ணுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொண்ணுக்கு ஆகாதுன்னு கோர்ட் சொன்னது. உங்க உடம்புக்கு உங்க கையெழுத்துதான்!

இந்த 5 கேள்வியும் டாக்டருக்கு. ஆறாவதாக ஒண்ணு உங்களுக்கே. யாருக்காக இதைச் செய்யப் போறீங்க? கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் இல்லாத குறை பெரிசாகத் தெரிவது ஒரு மனநோய். அதுக்கு மருந்து மனநல டாக்டரிடம் இருக்கு, கத்தியிலே இல்லை. "உனக்கு இது வேண்டாம்மா, வீட்டுக்குப் போ"ன்னு சொல்கிற டாக்டர் கிடைச்சால் அவரைக் கையெடுத்துக் கும்பிடுங்க. தன் வருமானத்தை விட்டுட்டு உங்களைக் காப்பாத்தினவர் அவர்.

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணி அடிச்சுட்டார், முடிச்சுடுறேன். விசாரிச்சுப் போனால் வரம்னு எதிரணி சொல்லும். ஒத்துக்கிறேன். ஆனால் இன்னிக்கு எத்தனை பேர் விசாரிச்சுப் போறாங்க? செல்போனிலே வருகிற 'முன்னே-பின்னே' படத்தைப் பார்த்துட்டு, 'இந்த வாரம் மட்டும் பாதி விலை'ன்னு விளம்பரத்தைப் பார்த்துட்டுப் போறாங்க. மூக்குக்கும் ஆடித் தள்ளுபடியா? (சிரிப்பு) கேள்வி கேட்காமல் வாங்குற வரத்துக்கு வம்புன்னுதான் பேரு. ஆகவே அழகு சிகிச்சை வம்பே, வம்பே என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)