முடிவைக் குறிக்கும் ஆங்கில வினைகள்



நாம் பேச்சில் 'முடிந்தது' என்று ஒரே சொல்லால் கூறிவிடுவதை ஆங்கிலச் சட்டமொழி பல வினைகளாகப் பிரித்தாளுகிறது. அவற்றுள் மூன்று நமக்கு இன்றியமையாதவை. 'எக்ஸ்பயர்' என்பது குறித்த தவணை தீர்தல். உங்கள் பேருந்துப் பாஸ் அப்படித்தான் தீர்கிறது. 'சீஸ்' என்பது அதுவரை நடந்துவந்தது நின்றுபோதல். 'அபாலிஷ்' தானாக நிகழாது. அதற்குச் செய்வோன் ஒருவன் வேண்டும். 'ஒழித்தல்' என்பதே நேர்ச்சொல்.

அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமைக்கு இம்மூன்றாம் வினையையே ஆண்டது. காலப்போக்கில் தானே மறையும் என்று அங்கு எழுதவில்லை. அதனை எவ்வடிவில் கைக்கொள்வதையும் தடைசெய்யும் 'ஃபர்பிட்' என்னும் வினையும் உடன் நிற்கிறது.

334ஆம் பிரிவிலோ வருவது 'சீஸ்'. மக்களவை, சட்டமன்றத் தனித்தொகுதிகள் 10 ஆண்டுகளில் நின்றுபோகும் என்று 1950இல் அது கூறிற்று. திருத்தங்களால் அத்தவணை 2030 ஜனவரி வரை நீண்டுள்ளது. "ஒதுக்கீடே பத்தாண்டுக்குத்தானே!" என்று தேநீர்க் கடையில் வாதிடும் அன்பர்கள், இவ்வினையைக் கல்விக்கும் வேலைக்கும் இழுத்து வருகின்றனர். அவற்றுக்குரியவை 1951இல் சேர்க்கப்பெற்ற 15(4), முதலிலிருந்தே உள்ள 16(4) ஆகியன. அவற்றில் அவ்வினையும் இல்லை; ஆண்டுக் கணக்கும் இல்லை. படித்துப் பாருங்கள்.

ஆங்கிலோ இந்தியரின் நியமன இடங்களும் அதே 334ஆம் பிரிவுக்கு உட்பட்டவையே. 2019 டிசம்பரில் தவணையை நீட்டிய நாடாளுமன்றம் அவர்களை விட்டுவிட்டது. எவரும் ஒழிக்கவில்லை, 2020 ஜனவரியில் தவணை தீர்ந்தது, நின்றது.