வந்தானா, வந்தாளா? குழு உரையாடல்களை ஒலிப்பதிவு செய்தல்



சில ஆண்டுகளுக்கு முன், தோட்டப்புறத்தில் வளர்ந்த முதியோர் அறுவரை ஒரு மண்டபத்தில் ஒன்றாக அமர்த்தி உரையாட வைத்தோம். பெரட்டு, லயம், மங்கு துடைத்தல் என வழக்கொழிந்து வரும் சொற்களை அவர்கள் வாயிலாகவே கேட்டுப் பதிவு செய்வது எங்கள் நோக்கம். நீண்ட மேசையின் நடுவே ஒரு கைப்பேசியை வைத்தோம். அதுவே போதும் என எண்ணினோம்.

மேசையின் கோடியில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், தம் லயத்தில் தம்மோடு விளையாடிய அண்ணன் தங்கை இருவரைப் பற்றிச் சொன்னார். சயாம் மரண ரயில் பாதை அமைக்கப்பட்ட 1942, 1943ஆம் ஆண்டுகளில் அவ்விருவரும் பெற்றோரோடு சென்றனர். போர் முடிந்தபின் ஒருவர் மட்டுமே திரும்பினார். பதிவில் எங்களுக்குக் கேட்பது, "தனியாத்தான் திரும்பி வந்தா" என்பது மட்டுமே. பெயரைச் சொன்ன கணத்தில் சமையற்கட்டில் தட்டுகள் உருண்டன. எழுத்தாக்கம் செய்த மாணவருள் ஒருவர் 'வந்தான்' என எழுதினார். மற்றவர் 'வந்தாள்' என எழுதினார். கேட்டுத் தெளியலாமென மீண்டும் சென்றபோது அம்மூதாட்டி மறைந்திருந்தார்.

இங்கே தமிழின் இயல்பு ஒன்றைக் கருத வேண்டும். பேச்சுவழக்கில் 'வந்தாள்' என்பதன் இறுதி ளகரம் மறைகிறது. 'வந்தான்' என்பதன் இறுதி னகரமோ மறைந்தும், அதற்கு முன்னுள்ள ஆகாரத்தில் மூக்கொலியாக எஞ்சி நிற்கிறது. ஆணா பெண்ணா என்பதை அந்த மூக்கொலி ஒன்றே காட்டுகிறது. தெளிவற்ற பதிவில் முதலில் அழிவனவற்றுள் இத்தகைய மெல்லிய சொல்லிறுதிகளும் அடங்கும்.

கருவி மலிவானது என்பதால் இப்பிழை நேரவில்லை. தொலைவே காரணம். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரம் இருமடங்கானால் நேரே வந்து சேரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. மின்விசிறியின் இரைச்சலும் சுவர்களின் எதிரொலியும் அவ்வாறு குறைவதில்லை. ஆகவே தூரத்துக் குரல் இரைச்சலுள் மூழ்குகிறது. பிறகு ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும்.

எனவே இப்போது நாங்கள் நாற்காலிகளிலிருந்தே தொடங்குகிறோம். நால்வர் அல்லது ஐவருக்கு மேல் ஒரு குழுவில் சேர்ப்பதில்லை. நீண்ட மேசையைத் தவிர்த்துச் சிறு வட்டமாக அமர்த்துகிறோம். பசியாறும்போதே யார் குரல் தாழ்ந்தது என்பதைக் கவனித்து, அவரை ஒலிவாங்கிக்கு மிக அருகில் இருத்துகிறோம். உரத்துப் பேசுபவர் எங்கே அமர்ந்தாலும் கேட்கும். பதிவுக் கருவியின் அடியில் மடித்த துண்டு ஒன்றை விரித்தால், கோப்பிக் குவளை வைக்கும் ஓசை மேசை வழியே ஏறாது. மின்விசிறியை அணைத்து முதியோரை வேர்க்க வைப்பது முறையன்று. காற்று ஒலிவாங்கியின்மேல் நேரே படாமல் திருப்பி, ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை இட்டால் பெரும்பாலும் போதும்.

ஆளுக்கொரு சிறு ஒலிவாங்கியை உடையில் பொருத்துவது இன்னும் நன்று. இருவர் ஒரே நேரத்தில் பேசினாலும் தனித்தனித் தடங்களில் குரல்களைப் பிரித்துக் கேட்கலாம். ஆனால் சேலையின் முந்தானை உரசும், வளையல் ஒலிக்கும். பொருத்தியபின் கையை அசைக்கச் சொல்லிக் காதணிபேசியில் கேட்டுப் பார்ப்பது அவசியம்.

கைப்பேசியே கையில் இருப்பவர்கள் அதன் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுக. மற்றவர் பேசும்போது பின்னால் எழும் தாழ்ந்த குரலையும் 'ம்' கொட்டுதலையும் அது இரைச்சலெனக் கருதி நீக்கிவிடக்கூடும். சுருக்கப்படாத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதிவு செய்தால், இருதடப் பதிவு மணிக்கு ஏறத்தாழ 1 கிகாபைட் இடம் கொள்ளும். அது இன்று பெரிய செலவன்று.

சிங்கப்பூரில் 1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்றுப் பணியில் ஒருவரை ஒருவர் நேர்காணும் முறையே பெரிதும் கையாளப்படுகிறது. ஒலித்தெளிவுக்கு அதுவே எளிது. எனினும் ஒருவர் மறந்த சொல்லை அடுத்தவர் எடுத்துக்கொடுப்பதும், "இல்ல, அப்படி இல்ல" என மறுப்பதும் குழுவில்தான் நிகழ்கின்றன. அதற்காகவே இத்தனை பாடும்.

பதிவுக்கு இசைவு பெற்றபின், ஒவ்வொருவரும் தம் பெயரையும் ஊரையும் சொல்லச் செய்கிறோம். பின்னர்க் குரலை இனங்காண அது உதவுகிறது. ஒரு மாணவர் இருக்கை வரைபடத்தோடு அமர்ந்து, யார் எப்போது பேசினார் என்று குறிக்கிறார். சொல் மங்கினால் அங்கேயே, "யாரு பாட்டி, அண்ணனா தங்கச்சியா?" என்று கேட்கவும் அவருக்குச் சொல்லியிருக்கிறோம். பேச்சு இடையறும் என்று அன்று நாங்கள் அதைக் கேட்கவில்லை.

பக்கத்து அறையில் மூன்று வகைக் கருவிகளை வைத்திருக்கிறோம். ஐவர் ஐவராக வாருங்கள். முதலில் நாற்காலிகளை நகர்த்துவோம்.