வந்தியின் பங்கு



மதுரையம்பதியில் ஆவணி மூலத் திருவிழாவின்போது, ஆலவாய் அண்ணல் வைகைக் கரையை அடுத்த புட்டுத்தோப்பிற்கு எழுந்தருளிப் பிட்டுக்கு மண் சுமக்கும் லீலையைக் கண்டு மகிழ்ந்தோர் பலர். பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் இது 61ஆவது திருவிளையாடல். பிட்டும் பிரம்படியும் யாவரும் அறிந்தவையே. கூடி உழைப்போர்க்குரிய நீதி ஒன்று அதனுள் பொதிந்திருப்பது அத்துணையாகப் பேசப்படுவதில்லை.

வைகை பெருக்கெடுத்துக் கரை உடைந்தது. அரிமர்த்தன பாண்டியன் ஆணைப்படி, உடைந்த கரையை அளந்து ஊரார்க்குப் பங்கிட்டனர். பிட்டு விற்றுப் பிழைக்கும் மூதாட்டி வந்திக்கும் ஒரு பங்கு விழுந்தது. மகன் இல்லை, சுற்றம் இல்லை, கூலிக்கு ஆளும் கிடைக்கவில்லை. கரையை அளந்தவர்கள், அதை அடைக்கவேண்டிய தோளை எண்ணிப் பார்த்திலர்.

கரையின் இயல்பு யாது? பத்துப் பேர் பங்கு உயர்ந்து நின்றாலும், ஒருவர் பங்கு தாழ்ந்திருப்பின் வெள்ளம் அவ்வழியே புகும். புகுந்த நீர், செவ்வனே அடைத்தவன் இல்லத்தை விட்டுவைப்பதில்லை. ஆதலின் அண்டைப் பங்கினர் வந்திக்கு இரண்டு கூடை மண் இடுவது தருமம் அன்று. தம் இல்லத்தைக் காக்கும் வேலையே ஆகும். ஏரியையும் வாய்க்காலையும் ஊரார் கூடிச் செப்பனிட்ட குடிமராமத்து இவ்வுணர்வில் நின்ற வழக்கம். பிற்காலத்தில், வெள்ளத்தினின்று கரை காக்கக் குடிகளைக் கட்டாயமாக அழைப்பதற்கென்றே 1858இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது.

வந்தியிடம் கூலியாளாய் வந்த பெருமான், உதிர்ந்த பிட்டே கூலியாகப் போதும் என்றார். அவளால் இயன்றதற்கு மேல் ஒன்றும் வேண்டவில்லை. பின்னர் அவர் பாடினார், ஆடினார், உறங்கவும் செய்தார். (இதனைத் தம் சோம்பலுக்குச் சான்று காட்டுவோர், பிரம்படிக்கும் முதுகு காட்டக் கடமைப்பட்டவர்.) வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமை கண்டு பாண்டியன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன்மேல் பட்டது. அரசியர்மேல், அமைச்சர்மேல், எல்லா உயிர்கள்மேலும் பட்டது. ஒரு கூலியாளின் முதுகில் விழுந்த அடிக்கு ஊரில் எவரும் அயலாராக நிற்க முடியவில்லை.

இன்று திருக்கோயில்களில் உழவாரப்பணிக் குழுக்கள் பல தொண்டாற்றுகின்றன. மதில்மேல் முளைத்த செடியை அகற்ற இளைஞர் ஏறுவர். குனிய இயலாத முதியோர் விளக்குத் துலக்கலாம், திரி திரிக்கலாம். இரண்டும் அப்பரடிகள் ஏந்திய உழவாரத்தின் வழிப்பட்ட பணிகளே. எனினும் சில இடங்களில் குப்பைக்கூடை என்றும் ஒருவர் தலையிலும், புகைப்படத்தின் முன்வரிசை என்றும் வேறொருவர்க்கும் அமைந்துவிடுகிறது. பணியைப் பிரிக்கும் பொழுதிலேயே, இக்குழுவில் வந்தி யார் எனத் தலைவர் வினவிக்கொள்ளலாம். கூடையை முறைவைத்து மாற்றலாம். பணி முடிந்து இலை போடும்போது, அன்று கூடை சுமந்தவரை முதற்பந்தியில் அமர்த்தலாம்.