ஒரு சொல்லும் மூன்று சொற்களும்

ஆங்கிலத்தில் ‘ரைஸ்’ என்பது ஒரே சொல். வயலில் விளைவதும் அது. கடையில் அளப்பதும் அது. இலையில் இடுவதும் அதுவே. கலப்பையின் பெயரைத் தாங்கிய நாஞ்சில் நாட்டிலே பிறந்த எனக்கு இது வியப்பளிக்கிறது. நமக்குத் தோவாளை வயலில் விளைவது நெல், குத்தினால் அரிசி, வெந்தால் சோறு.

கடல் கடந்த இந்தோனேசியரும் நம்மைப் போலவே பாடி, பெராஸ், நாசி என மூன்றாகப் பகுப்பர். மலாய்ச் சொல்லாகிய அந்தப் ‘பாடி’யையே ஆங்கிலேயரும் நெல்லுக்குக் கடன் பெற்றனர். ‘ரைஸ் உண்டான்’ என்பதைப் ‘பெராஸ் உண்டான்’ என்று பெயர்த்தால், அவன் வேகாத அரிசியை மென்றவனாவான்!

அகராதி சொல்லைத் தரும்; வேற்றுமையைக் கற்பிப்பது வாழ்க்கையே. நாஞ்சில் வயல்களோ குறைந்து வருகின்றன. நெற்கதிரையே காணாத பிள்ளைக்கு மூன்று சொற்களும் ஒன்றாகிவிடும். வயலைக் காப்பது மொழியைக் காப்பதுமாகும்.